ஓட்டியது நான்தான்

வளைகுடா நாட்டில், அல் குசைஸில் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் யாருக்காவது வண்டியை இடம் மாற்றி நிறுத்த வேண்டுமென்றால் மூன்றாவது மாடிக் கதவைத்தான் தட்டுவார்கள். அங்கே அஃபீஃபா இருந்தாள். வயது இருபத்து மூன்று. பக்கத்துத் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் உட்காருகிறவள். பல தடவை தோற்று, அழுது, மறுபடி வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஆனால் வீட்டில் கார் இல்லை. அவளுடைய வாப்பா கலீலுர் ரஹ்மான் காயல்பட்டினத்திலிருந்து வந்து, தேராவில் ஓர் அத்தர் கடையில் வேலை பார்ப்பவர். மெட்ரோவிலேயே காலத்தை ஓட்டிவிட்டவர்.

லைசென்ஸ் இருந்து கார் இல்லாத பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா? முதல் மாடிக்காரரின் வண்டியை நிழலுக்கு மாற்றிக் கொடுப்பாள். எதிர்வீட்டு மலையாள டீச்சரை சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவாள், டீச்சரின் காரிலேயே. சாவி கொடுத்தவர்கள் யாரும் அவள் வயதைக் கேட்டதில்லை. இன்சூரன்ஸ் வண்டிக்குத்தானே, யார் ஓட்டினால் என்ன என்பது கட்டடம் முழுக்க இருந்த எண்ணம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அதிகமாக அவள் ஓட்டியது பிரபாவதியின் வெள்ளைக் காரை. பிரபாவதி அதே மாடியில், இரண்டு கதவு தள்ளி இருந்தாள். பாளையங்கோட்டைக்காரி. அவள் கணவன் சரவணகுமாருக்கு ருவைஸில் வேலை. வாரக்கணக்கில் அங்கே கேம்பில் தங்கி, லீவுக்குத்தான் வீட்டுக்கு வருவான். பிரபாவதிக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் மகள் தாரிணி பிறந்த பிறகு, நாலு வருஷமாக, அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "எனக்குப் பயமா இருக்குட்டி, நீ எடு" என்று சாவியை நீட்டுவாள். ஊரில் பக்கத்துப் பக்கத்து மாவட்டக்காரர்கள் என்பதாலோ என்னவோ, இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. ரமலானில் நோன்புக் கஞ்சி இந்தக் கதவிலிருந்து போகும். பொங்கலன்று அந்தக் கதவிலிருந்து பானையே வரும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். கட்டடத்து ஆண்களில் பாதிப் பேர் பள்ளிவாசலில் இருந்தார்கள். பிரபாவதி கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

"ஏட்டி அஃபீஃபா, தாரிணிக்கு மூச்சு இழுக்குது. பம்ப் அடிச்சும் நிக்கல."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களாக்கா?"

"சொல்லியாச்சு. வந்துட்டே இருக்காங்களாம். பிள்ள உதட்டப் பாரு, நீலமாப் போச்சு!"

ஆஸ்பத்திரி இரண்டு சிக்னல் தள்ளி இருந்தது. அஃபீஃபா ஷாலைத் தலையில் இழுத்துவிட்டுச் சாவியை வாங்கினாள். அவள் உம்மா ஜுலைஹா பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் மூவரும் லிஃப்டில் இருந்தார்கள்.

பிரபாவதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மணல் பார்க்கிங்கிலிருந்து கார் சர்வீஸ் ரோட்டுக்கு ஏற வேண்டும். ஏறுகிற இடத்தில் ஒரு பிக்கப் நின்று பார்வையை மறைத்தது. அஃபீஃபா மெதுவாகத்தான் முன்னால் வந்தாள். அந்த நேரம் பார்த்து தாரிணியின் இழுப்பு சட்டென்று நின்றது. "அய்யோ, பிள்ள மூச்சு விடலட்டி!" என்று பிரபாவதி அலறினாள். அஃபீஃபா திரும்பிப் பார்த்தாள். கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

இடித்த சத்தம் கேட்டுத்தான் அவள் முன்னால் பார்த்தாள். சாப்பாடு கொண்டு போகும் பைக் ஒன்று காரின் மூக்கில் மோதிச் சரிந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் விளக்குக் கம்பத்தில் முட்டி, முன்பக்கம் நசுங்கி நின்றது. தாரிணி வீறிட்டு அழுதாள். அழுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது. அந்த அழுகையைக் கேட்டு ஒரு கணம் சந்தோஷப்பட்டதை நினைத்து அஃபீஃபா பிறகு ரொம்ப நாள் கூசினாள்.

பைக்காரன் ரோட்டோரத்தில் கிடந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒரு கால் பார்க்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. சூடான குழம்பு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த ஒருவர் தன் வண்டியை நிறுத்தி, பிரபாவதியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டார். ஏறும்போதே பிரபாவதி ஃபோனில் கணவனிடம் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை அஃபீஃபாவின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"தங்கச்சி, நான் சொல்லுதத நல்லா கேளு," என்றான் சரவணகுமார். "போலீஸ் வந்தா பிரபா ஓட்டினான்னு சொல்லிரு."

"அக்கா இங்க இல்லையேண்ணே. பிள்ளையோட போய்ட்டாங்க."

"அதான் சொல்லுதேன். ஓட்டினது அவதான், பிள்ளைக்காக இறங்கி ஓடிட்டான்னு சொல்லு. சாயங்காலம் அவ வந்து சொல்லுவா. உனக்கு இருபத்தஞ்சு ஆகலல்லா? இன்சூரன்ஸ் ரெனியூ பண்ணும்போது, காசு குறையும்னு, இருபத்தஞ்சுக்குக் கீழ உள்ளவங்க ஓட்ட மாட்டாங்கன்னுதான் நான் எழுதிக் குடுத்தேன். நானும் பிரபாவும் மட்டுந்தான ஓட்டுவோம்னு. நீ ஓட்டினேன்னு சொன்னா வண்டிக்கு ஒண்ணுமே வராது."

கீழே கிடந்தவன் அவள் ஷால் நுனியைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் பெயர் அஹ்சன் என்பதும், பாகிஸ்தானில் குஜ்ராத் என்றே பெயருள்ள ஒரு நகரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவன் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

"பாஜி," என்றான் உருதுவில், அக்கா என்பது போல, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் சரியான பக்கம்தான் வந்தேன். நீங்க பார்த்தீங்கதானே? போலீஸ்கிட்ட சொல்லுங்க. இல்லேன்னா பைக்காரன் மேலேதான் போடுவாங்க."

அவள் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அவன் கிடந்தான். ஃபோனில் சரவணகுமார் "தங்கச்சி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஃபோனை அணைத்தாள்.

போலீஸ்காரர் இளைஞர். காரையும் பைக்கையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், யார் டிரைவர் என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அஃபீஃபா. "நான் பின்னால திரும்பிப் பார்த்தேன். அவர் மேல தப்பு இல்ல."

ஸ்டேஷனுக்குக் கலீலுர் ரஹ்மான் தொழுகைத் தொப்பியோடு வந்தார். ஆள் காயம்பட்ட கேஸ் என்பதால் முடியும்வரை அவள் நாட்டை விட்டுப் போக முடியாது என்றார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டோடு, ஜாமீனாக வாப்பாவின் பாஸ்போர்ட்டையும் கேட்டார்கள். அவர் கடைக்குப் போய், முதலாளியிடம் இருந்ததை வாங்கி வந்து கொடுத்தார். திரும்பி வரும்போது டாக்ஸியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த வண்டிய நான் ஓட்டலாமான்னு எப்பவாவது ஒரு தடவ கேட்டியாம்மா?"

"சாவி கொடுத்தாங்க வாப்பா."

"சாவி கொடுத்தா போதுமா?"

தாரிணி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அஹ்சனுக்குக் காலில் கம்பி வைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அவன் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. அடிபட்டவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமாம். ஆனால் காரைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஓட்டியவளின் வயதைக் காரணமாக எழுதி அனுப்பியிருந்தது.

சரவணகுமார் அடுத்த வாரம் லீவு போட்டு வந்தான். அஃபீஃபா வேலைக்குக் கிளம்பும்போது வராந்தாவில் எதிர்ப்பட்டான். அவள் சலாம் போலக் கையை நெஞ்சில் வைத்து, "அண்ணே, மன்னிச்சிருங்க," என்றாள்.

"எதுக்கு? இடிச்சதுக்கா, போலீஸ்ட்ட சொன்னதுக்கா?"

அவள் லிஃப்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"இடிச்சதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம் பிள்ளைக்காகத்தான் ஓடி வந்த. அது எனக்குத் தெரியும். அதனாலதான் திட்டக்கூட முடியல," என்றான். "ஆனா நீ ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம். ஃபோன வச்சிட்ட. வண்டி என்னோடது தங்கச்சி. உண்மை பேசினது நீ, வண்டி போனது எனக்கு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காரில்தான் அவன் லீவு நாளில் குடும்பத்தை வெளியே அழைத்துப் போவான். தாரிணியை டாக்டரிடம் கொண்டு போவதும் அதில்தான். இப்போது அது இடிபட்ட வண்டிகளைப் போடும் ஒரு யார்டில் மூக்கு நசுங்கிக் கிடந்தது. லீவில் வந்தால் எங்கே போகவும் அவன் இன்னொருவர் வண்டியில் இடம் கேட்க ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் பிரபாவதி கண்ணாடிக் கடைக்கே வந்தாள்.

"நான் சொல்லியிருப்பேன்ட்டி, நாந்தான் ஓட்டினேன்னு," என்றாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"சொல்லியிருந்தா தாரிணி ஆஸ்பத்திரில கிடக்கும்போது நீங்க ஸ்டேஷன்ல உக்காந்திருப்பீங்கக்கா."

பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டாள். "அவுக அப்படி யோசிக்கல. எனக்கும் அப்ப தோணல," என்றாள். பிறகு, "ஆனா அவுக உன்கூடப் பேசாதன்னு சொல்லிட்டாக," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அஹ்சனைப் பார்க்க அஃபீஃபாவும் உம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜுலைஹா பீவி முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பமும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டு போனாள். அடிபட்டவன் மன்னித்ததாக எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். போகிற வழியெல்லாம் அதையே பேசினாள். கட்டிலைச் சுற்றி நின்ற அஹ்சனின் ரூம்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அவன் சூப்பை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டான். "கையெழுத்துக்கா வந்தீங்க பாஜி?"

"இல்ல," என்றாள் அஃபீஃபா. சொல்லும்போதே பக்கத்தில் உம்மா பையை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. "ஆமா. அதுக்கும்தான்."

அவன் கம்பி வைத்த காலைக் காட்டினான். "பைக் ஓட்டினாத்தான் எனக்குக் காசு. ஓட்டலேன்னா கம்பெனி என்னை வச்சிருக்காது. மன்னிச்சேன்னு வாயால சொல்லலாம். எழுத மனசு வரல. நீங்க என்மேல தப்பு இல்லேன்னு சொன்னீங்க. அதுக்கு துஆ செய்றேன்."

ஜுலைஹா பீவி வெளியே வந்து அழுதாள். அஃபீஃபா அழவில்லை. அவன் எழுதிக் கொடுத்திருந்தால்தான் தாங்கியிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் தம்மாமில் வேலை பார்க்கும் அண்ணன் அஸீமின் நிக்காஹ் வந்தது. முன்பே நிச்சயித்த தேதி. பெண் வீட்டார் மாற்றச் சம்மதிக்கவில்லை. காயல்பட்டினத்துக்கு ஜுலைஹா பீவி தனியாகப் போனாள். பாஸ்போர்ட் இல்லாத வாப்பாவும் மகளும் அல் குசைஸ் வீட்டில் ஃபோனைச் சீனிப் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சம்மதம் தெரிவித்துக் கபூல் சொல்லும் நேரம் படம் உறைந்து நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. கலீலுர் ரஹ்மான் உறைந்த படத்துக்கு முன்னால் கையேந்தி துஆ செய்தார்.

"என்னாலதான் வாப்பா," என்றாள் அவள்.

"உன்னாலதான்," என்றார் அவர். மறுக்கவில்லை. பிறகு அவள் தட்டில் சோற்றைப் போட்டு, "சாப்பிடு. பொய் சொல்லிட்டு நாம ரெண்டு பேரும் அங்க போய் உக்காந்திருந்தாலும் எனக்கு அந்தச் சோறு இறங்கியிருக்காது," என்றார்.

கடைசியில் அபராதமும் சில மாதம் லைசென்ஸ் நிறுத்தமும் விதித்தார்கள். பாஸ்போர்ட்டுகள் திரும்பின. அஹ்சனுக்கு நஷ்டஈடு வந்தது, ரொம்பத் தாமதமாக. அவன் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். கம்பெனி அவனை பைக்கில் ஏற்றவில்லை; ஒரு ஹோட்டல் சமையலறையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் ரூம்காரர் ஒருவர் சொன்னார்.

சரவணகுமாருக்கு ருவைஸிலேயே குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர்கள் வீடு மாறிய அன்று அஃபீஃபா கடையில் இருந்தாள். திரும்பி வந்தபோது அந்தக் கதவுக்கு முன்னால் வேறு யாரோ செருப்பு விட்டிருந்தார்கள்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் அவள் ஓட்டவில்லை. மலையாள டீச்சர் ஒருமுறை சாவியோடு வந்தார். அஃபீஃபா, "டீச்சர், உங்க பாலிசில என் வயசுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டாள். டீச்சருக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர் பிறகு வரவில்லை.

தாரிணியின் பிறந்த நாளன்று அஃபீஃபாவால் சும்மா இருக்க முடியவில்லை. கடையிலிருந்தே பிரபாவதிக்கு ஃபோன் செய்தாள். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தாள்.

"நல்லா இருக்கியாட்டி?" என்றாள் பிரபாவதி, மெல்லிய குரலில். "பிள்ளைக்கு இப்ப இழுப்பே வாரதில்ல. இங்க கடல் காத்து."

"அவகிட்ட ஒரு வார்த்த பேசட்டுமாக்கா?"

பின்னால் கதவு திறக்கும் சத்தம். "யாரு ஃபோன்ல?" என்று சரவணகுமார் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"ஸ்கூல்லருந்து," என்றாள் பிரபாவதி. பிறகு ஃபோனில், "சரி மிஸ், நான் அனுப்பி வைக்கேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அஃபீஃபா ஃபோனைக் கவுண்டரில் வைத்தாள். கடையில் ஒருவர் கண்ணாடி வாங்க வந்து காத்திருந்தார். "யெஸ் சார், உட்காருங்க," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.