என் பெயரில் ஒரு கிளினிக் கொப்பி

என் தண்ணீர் பவுசர் லொறியின் முன்பெட்டியில் ஒரு கிளினிக் கொப்பி கிடக்கிறது. பொலித்தீன் உறை போட்ட சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பிதான். முகப்பில் என் முழுப்பெயர். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து இருக்கிறது, அதுவும் ஒரே வரி. ஆனால் நோய் வருத்தம் எனக்கில்லை, என் மகளுக்கு. அந்த வரியை எழுதியவர் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் பார்த்த மிஸ்ஸி. தாதிமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது.

என்னைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். சொல்லாமல் விட என்னால் ஏலாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கள் புங்குடுதீவில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாயில் வைக்க முடியாத உப்பு. சைக்கிளில் இரண்டு கான் கட்டி, பக்கத்துத் தீவின் மண்கும்பானில் நல்ல தண்ணீர் அள்ளி, கடலுக்கு நடுவே போகும் வீதியில் எதிர்க்காற்றுக்கு உழக்கிக் கொண்டுவந்து விற்றேன். இன்று இரண்டு பவுசர் ஓடுகிறது. என் தண்ணீரில் தேநீர் போடாத வீடு ஒன்று இந்தத் தீவில் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

கலியாணம் கட்டிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள் என் ஒரே மகள். பதினேழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். ஒரு நாள் ஒரு கிழமையாகி, ஒரு மாதமும் ஆனது. தலை வாரி இழுக்காமல், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தாய் சோறு குழைத்துக் கொடுத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். கையில் நூல் கட்டுவித்தேன். புது ஸ்கூட்டி ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தினேன். அவள் எட்டியும் பார்க்கவில்லை. கடைசியில் கட்டிலடியில் நின்று என் சைக்கிள் கதையைச் சொன்னேன். "உன்ரை வயதிலை நான்" என்று தொடங்கினால் நானும் என் பவுசர் மாதிரித்தான், வெறுமையாகும்வரை நிற்கமாட்டேன். ஒரு பின்னேரம் மனைவி என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டாள். "நான் இருந்தென்ன, இல்லாட்டியென்ன எண்டு கேக்கிறாளப்பா" என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். எந்தக் காற்றுக்கும் சைக்கிளை நிறுத்தாத நான் அன்றைக்குப் பவுசரை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவெடுத்தேன். ஆனால் என் பவுசர் கிளினிக் வாசலில் நின்றால் பொழுதுபடுமுன் கதை கனடா வரைக்கும் போய்விடும், நாளைக்கு அவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன். தண்ணீர் அடிக்க வந்தவன் போல ஆஸ்பத்திரித் தாங்கிக்குக் கீழே பவுசரை நிறுத்தி, குழாயை ஏற்றி, மோட்டரையும் போட்டேன். பிறகு உள்ளே போய்ப் புதுக்கொப்பியில் என் பெயரைப் பதிவித்து, மிஸ்ஸியின் முன்னால் இருந்து, மகளுடைய வருத்தம் முழுவதையும் என்னுடையதாகச் சொன்னேன். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குகுதில்லை, படிக்க மனமில்லை.

கடைசிச் சொல்லில் அவர் பேனையை வைத்தார். என்னைவிட இருபது வயது இளையவர்.

"ஐயா என்ன சோதினைக்குப் படிக்கிறியள்?"

வெளியே தாங்கி நிரம்பி வழிந்து சொரியும் சத்தம் கேட்டது. எழும்பப் போனேன். "தண்ணி போகட்டும். பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கதிரையில் இருந்து அழுதபடி, குசினியில் கேட்டதுவரை எல்லாம் சொன்னேன். தகப்பன் செத்தபோதுகூட அழாதவன் நான்.

அவளைத் தனியே விடவேண்டாம், நாளைக்கே கூட்டிவரலாம், அப்படிப் பேச்சு இன்னொருமுறை வந்தால் நம்பர் எடுக்காமல் எந்த நேரமும் வரலாம் என்றார். பிறகு நான் அவளோடு எப்படிக் கதைப்பேன் என்று கேட்டார். சைக்கிள் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்து, கொப்பியில் எழுதி வாசித்தும் காட்டினார்: "ஒரு கிழமைக்கு, 'ஓம், சொல்லு' மட்டும்."

"மருந்தெண்டு நினையுங்கோ ஐயா. பிள்ளை சொல்லி முடியுமட்டும் சைக்கிள் வெளியிலை வரப்படாது."

கொப்பியில் பெயர் பிழை, அதைக் கிழித்துவிடுங்கள் என்றேன். "அவவுக்கு வேறை கொப்பி போடுவம். இது உங்களுக்குத்தான்" என்றார்.

அடுத்தநாள் காலை, துணைக்கு வா என்று மகளைப் பவுசரில் ஏற்றிக்கொண்டு மண்கும்பானுக்குப் போனேன். பவுசர் நிரம்ப நேரம் எடுக்கும். மோட்டர் இரைந்துகொண்டிருக்க, முன்சீற்றில் சும்மா இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பாதி நிரம்பும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்கு அப்பா" என்றாள். சைக்கிள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஓம், சொல்லு பிள்ளை என்றேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். புத்தகத்தில் எழுத்துகள் ஓடுவதைச் சொன்னாள். விடியும்போதே உடம்பு கனப்பதைச் சொன்னாள். கடைசியாக, "நீங்கள் எல்லாத்தையும் வெண்ட ஆள். உங்களிட்டை இதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றாள்.

பவுசர் நிரம்பி வழிந்தது. நான் இறங்கவில்லை. மிஸ்ஸியிடம் போவோமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அப்படியே போனோம். இம்முறை பவுசரைக் கிளினிக் வாசலிலேயே நிறுத்தினேன்.

சுகம் ஒரே நாளில் வரவில்லை. டொக்டர் மருந்து கொடுத்தார். அந்த வருடச் சோதினை தவறியது. மாதம் ஒருமுறை மிஸ்ஸி தாய்தகப்பன்மாரை மட்டும் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார். முதல்நாள் மனைவியோடு போனால், நான் பத்து வருடமாகத் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்காரர் எதிர்க்கதிரையில் இருக்கிறார். இருவரும் நிலத்தைப் பார்த்தோம். "நீரும் தண்ணி ஊத்தத்தான் வந்தனீரோ?" என்று அவர் கேட்க, எல்லாருமே சிரித்துவிட்டோம். அவர் மகனுக்கும் அதே வயது. கிழமைதோறும் அவர் வாசலில் குழாயைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறேன். மகன் எப்படியென்று ஒருநாளும் கேட்டதில்லை.

மிஸ்ஸி மாற்றலாகிப் போய்விட்டார். மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இடைக்கிடை பாரமான நாட்கள் வரும். வந்தால் தானே சொல்வாள்.

போன மாதம் லீவில் வந்தவள், மண்கும்பானுக்குத் தானும் வருகிறேன் என்று ஏறினாள். தண்ணீர் நிரம்பும் நேரத்தில் முன்பெட்டியைக் கிண்டி அந்தக் கொப்பியை எடுத்துவிட்டாள். "இதென்ன அப்பா, உங்கடை பேரிலை கிளினிக் கொப்பி?" ஊரெல்லாம் என் கெட்டித்தனம் சொல்லித் திரியும் நான், தாங்கி வழிந்த கதையை மட்டும் அவளுக்குச் சொன்னதில்லை. எங்கே தொடங்குவதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் அந்த ஒற்றை வரியை வாசித்தாள். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி இருந்தாள்.

"ஓம், சொல்லுங்கோ அப்பா."