கரண்ட் போனால் எழுதுகிறவள்

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் மிளகு வாங்கி விற்கும் சங்கத்தின் ஆபீஸில் நான் கூட்டிப் பெருக்கி டீ போடுவேன். அதே ஆபீஸில் என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மலையில் எத்தனை தாய்க்கு அது வாய்த்தது? விளக்குமாறு கையில் இருந்தாலும் அவள் அறைக்குள் தலை நிமிர்ந்துதான் போவேன்.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை அவள் தனியாக ஓடவிட்டிருந்தாள்.

“இது எதுக்கு கண்ணு?”

“தபால்காரன் மாதிரிங்கம்மா. ஸ்கேனருக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் நேரா மெயில் அனுப்பத் தெரியாது. இதுகிட்ட குடுத்தா இது கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியாளு குடுத்தா வாங்காது.”

“உன்னைய மாதிரியே திமிரு.”

“உங்க புள்ள செஞ்சது வேற எப்படி இருக்கும்?”

அனுப்புகிறவர் பேர் என்று ஒன்று போட வேண்டுமாம். கரண்ட் போனால் பேட்டரிப் பெட்டி அனுப்ப வேண்டிய சேதியை எழுதி, அதற்குத் தன் பேரையே போட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஜீப்பில் மலை இறங்கும்போதே, வளைவில் திரும்பத் திரும்ப, என் மடியில் அடங்கிப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, மூடுபனி ஜன்னல்வரை வந்திருந்த ஒரு பகலில் கரண்ட் போனது. பேட்டரிப் பெட்டி கீச்சிட்டது. கணக்கர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏனுங்க, என்னாச்சு?”

“அம்மா, உங்க புள்ள மெயில் போட்டிருக்குதுங்க.” குரல் நடுங்கப் படித்தார். “கரண்ட் போயிருச்சு. சீக்கிரம் வாங்க.”

பெட்டி அனுப்பியதுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவர் அன்று டீ குடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இறந்தவர் பேரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு விடுவோம். அதுவரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பேர் அலையாமல் கிடக்க வேண்டும். என் மகளின் பேரோ ஒவ்வொரு மழைக்கும் கிளம்பி வந்துகொண்டிருந்தது. கரண்ட் போகாதா என்று நானும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகள் கறாராகச் சொன்னாள்: “அத்தை, அந்தப் பேரு இன்னும் அங்க பேசீட்டிருக்குது. எம் புள்ளைக்கு விடமாட்டேனுங்க.”

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். நாமக்கல்லில் இருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தபோது அவர் முன்னால் போய் நின்றேன். “அந்தப் பேரை எடுத்துப் போடுங்க.”

அவர் பொத்தான்களைத் தட்டப் போனார்.

“பொறுங்க சாமி. ஒருக்கா பேசட்டும்.”

பேட்டரிப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து நானே பிடுங்கினேன். பெட்டி கீச்சிட்டது. கணக்கர் இம்முறை நடுங்காமல் படித்தார். கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, பிளக்கைத் திரும்பச் செருகினேன்.

“இப்ப எடுங்க.”

பேர் விட்ட அன்று, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைக் குழந்தையின் காதில் சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. கரண்ட் போனால் இருட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள்: “ஆத்தா, கரண்ட் போயிருச்சு. சீக்கிரம் வாங்க.”

எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கத்தும் என்கிறான் மகன். இருக்கட்டும். நான் விளக்கு எடுக்காமலே எழுந்து போகிறேன்.