முட்டை போன வழி

ஜிம் நடத்துகிறவளிடம் எப்படித் தூக்குவது என்று கேட்பவர்கள் குறைவு. எவ்வளவு தின்பது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என் ஜிம் குளிர் மலையூரான அரவேணுவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே வர்க்கி வேகும் வாசனை வரும். மேலே நான் வாயைக் கட்டச் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்தவருக்கு யோசனை சொல்லியே வயிறு வளர்க்கும் டாக்டர்கள், வாத்தியார்கள், வக்கீல்கள் எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

டீயில் விழுந்த பவுடர்

ஹார்டுவேர் கடை பழனிசாமி அண்ணனுக்கு மகள் கல்யாணத்துக்குள் புஜம் வந்தாக வேண்டும். கோயமுத்தூர் போய்ப் பெரிய டப்பாவில் புரோட்டீன் பவுடர் வாங்கி வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள் என்றேன். எங்கள் ஊரில் காலையில் பச்சைத் தண்ணீரைக் கையால் தொடவே யோசிப்பார்கள், குடிப்பதாவது. அண்ணன் பவுடரைக் கொதிக்கக் கொதிக்க டீயில் போட்டுவிட்டார்.

அடுத்த நிமிஷம் டம்ளரைத் தட்டால் மூடிக்கொண்டு மாடியேறி வந்தார். திறந்து பார்த்தால் திரிந்த பாலுக்கும் உப்புமாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. சூடு பட்டால் கட்டி தட்டும், வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்று விளக்கினேன். அவர் ஸ்பூனால் ஒரு கிளறு கிளறிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க மேடம், இதைக் குடிக்கோணுங்களா, தாளிக்கோணுங்களா?"

மேல்காடு

சரோஜாக்கா பக்கத்து டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். மழையில் சரிவில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது வலது தொடை வற்றி, இடது தொடையில் பாதியாகத் தெரிந்தது. லீவு பொங்கலோடு முடிகிறது. அதற்குள் கொழுந்து மூட்டையோடு சரிவின் உச்சியில் இருக்கும் மேல்காட்டுக்கு ஏற முடியவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். டாக்டர் தன் பங்குக்கு, பயிற்சி செய்து புரோட்டீன் சாப்பிட்டால் சதை பிடிக்கும் என்று என்னிடம் அனுப்பி வைத்தார்.

உடம்பு எடையில் கிலோவுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிராம் புரோட்டீன் இருந்தால் போதும். மாத்திரை மருந்து ஒன்றும் வேண்டாம். பருப்பு, அவரைக்கொட்டை, சுண்டல், பால், முடிந்தபோது மீன், தினமும் ரெண்டு முட்டை என்று அடுக்கினேன். அவரைக்கொட்டை வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். முட்டையில் நின்றுவிட்டார். "ரெண்டுங்களா அம்மிணி? எனக்கேவா?"

மிச்சம் மீதி

டீ பேக்டரியில் வேலை பார்க்கும் பிரவீணுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. முட்டையை ட்ரேயோடு வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளையை உரித்து உரித்து உள்ளே தள்ளுவான். எடையைத் தொடச் சொன்னால் மட்டும் தோள்பட்டை வலிக்கும். சதை வளர்வது தூக்கினால்தான், சாப்பாடு அதற்குச் சாமான் கொடுக்கும், அவ்வளவுதான். தேவைக்கு மேல் போட்டால் அது புஜத்தில் போய் உட்காராது என்று படித்துப் படித்துச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான். "மிச்சத்தை ஒடம்பு நாளைக்கு எடுத்துக்காதுங்களாக்கா?"

டேப் பொய் சொல்லாது

சரோஜாக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியேறி இறங்குவது, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். ஆனால் டேப் வைத்து அளந்தால் தொடை அப்படியேதான் இருந்தது. பொங்கலுக்கு ரெண்டே மாதம்தான் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். முட்டை வாங்குகிறீர்களா, இல்லையா என்று சத்தம் போட்டுவிட்டேன்.

வாங்கியிருக்கிறார். அவித்தும் இருக்கிறார். ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று ஜீப் ஓட்டும் மகனுக்கு. நாலாக வாங்குங்கள் என்றேன். நாலாக வாங்கிய அன்று மகன் கூட்டாளியோடு சாப்பிட வந்தான். கால் ஒடிந்தது அவனுக்கா உங்களுக்கா என்று கேட்டேன். அவர் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "அவன் என் தட்டைப் பார்த்துட்டு உக்கார்ந்திருக்கறப்ப, என் தொண்டைக்குள்ள எறங்கோணுமுங்களே?"

கை தூக்குங்கள்

அந்த ஆத்திரம் தீராமல், மதியம் வரும் பெண்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டேன்: கோழி எடுத்தால் வீட்டில் நல்ல துண்டு தனக்கென்று எடுத்து வைப்பவர்கள் கை தூக்குங்கள். டம்பெல்லைத் தூக்கும் கை ஒன்றும் எழவில்லை. எல்லோரும் தரையில் விரித்த பாயையே பார்த்தார்கள். ஸ்கூல் டீச்சர் வசந்தா மட்டும் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எடுத்து வெப்பீங்களா மேடம்?"

ஜன்னலோரக் கெட்டில்

மறுநாள் ஜன்னலோரம் ஒரு கரண்ட் கெட்டிலை வைத்தேன். வாங்குகிற முட்டையைக் கொண்டுவந்து, பயிற்சி முடிந்ததும் இங்கேயே அவிக்க வேண்டும், இங்கேயே சாப்பிட வேண்டும், பார்சல் கிடையாது என்று சட்டம் போட்டேன். வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மஞ்சு மூடியிருந்தது. சரோஜாக்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஊதி ஊதி ஓட்டை உரித்தார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தன்னை அறியாமல் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். முடிச்சை அவிழ்த்தார்.

மிளகுத்தூளைத் தொட்டு ரெண்டையும் நிதானமாகச் சாப்பிட்டார். சண்டை போட்டு ஜெயித்தவள் போல நின்றேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாலமான பொறவு சுடச்சுட முட்டை திங்கறது இன்னிக்குத்தானுங்க அம்மிணி."

பொங்கலுக்குப் பிறகு

டேப் மெல்ல மெல்ல மனசு மாறியது. தொடை இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஏறுவதற்குப் போதுமான அளவுக்கு வந்தது. லீவு முடிந்து வேலையில் சேர்ந்த அன்று, சூப்பர்வைசர் கீழே நின்று பார்க்க, மூட்டையோடு மேல்காடு வரை நிற்காமல் ஏறிவிட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னபோது பழனிசாமி அண்ணன்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சரோஜாக்கா வலது தொடையை ஒரு தட்டுத் தட்டினார். "முட்டை எல்லாம் எங்கம்மா போகுதுன்னு பையன் கேட்டானுங்க. இங்கதான்டா போகுது, தொட்டுப் பாருன்னேன்."

அதனால் இப்போதெல்லாம் எவ்வளவு புரோட்டீன் சாப்பிட வேண்டும் என்று எந்தப் பெண் கேட்டாலும், எடை மெஷினில் ஏறச் சொல்வதற்கு முன்னால், எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.