நாடா இல்லாத துணி

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் தையலக்காதான். சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில், ஜன்னலோரம், ஒரு பழைய மிதி மிஷின். கிழிந்த போர்வை, நோயாளி கவுன், தலையணை உறை என்று இருபத்திரண்டு வருஷமாக அதில்தான் அவள் பிழைப்பு. சட்டை பிடிக்கிறது என்று நர்ஸ் யாராவது வந்து நின்றால், "சட்டையில கோளாறு இல்லம்மா, நீ கேன்டீன் பக்கம் போறதைக் குறை" என்பாள். சொல்லிக்கொண்டே பிரித்தும் கொடுத்துவிடுவாள்.

அவள் தைத்ததில் முக்கியமானது ஆப்பரேஷன் துணி. வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை உறிஞ்ச உள்ளே வைப்பது. நாலு மடிப்பு வலைத்துணி, சுற்றி ஒரு தையல், ஒரு மூலையில் சாண் நீள நாடா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இது எதுக்கு சிஸ்டர், துணிக்கு வால் மாதிரி?" என்று கேட்டிருக்கிறாள். ஆப்பரேஷன் தியேட்டர் சிஸ்டர் சிரிக்கவில்லை.

"ரத்தத்துல நனைஞ்சா துணி எது, குடல் எதுன்னு தெரியாது. நாடா மட்டும் வெளியே தொங்கும். அதைப் பார்த்துத்தான் எடுப்போம். மூணு தடவை தையல் போடு."

அன்றிலிருந்து மூன்று தடவைதான் போட்டாள். அவள் மிஷினுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மூலையில் திரும்பும்போது ஒரு தையலைத் தாண்டிவிடும். ரிப்பேர்காரர் மூன்று பேர் பார்த்துக் கைவிட்டார்கள். அதனால் எல்லா மூலையிலும் கையால் குறுக்கே ஒரு தையல் போட்டு முடிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது சூப்பிரண்டு வந்தார். நாடாக்கள் சிக்கிச் சலவை மிஷின் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "இனிமே நாடா வேண்டாம்மா. எண்ணித்தானே வைக்கிறாங்க, எண்ணித்தானே எடுக்கிறாங்க" என்று நின்ற வாக்கில் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பழைய சிஸ்டரும் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். தையலக்காவாவது கேட்டிருக்கலாம், ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள்தானே. "சரிங்க சார்" என்றாள். வேலை சீக்கிரம் முடியும், நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பும் இருந்தது. அதை மறைப்பானேன்.

அடுத்த வருஷம் அவள் தங்கைக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். தங்கை பயந்து நடுங்கினாள். "வேற எங்கேயும் போக வேண்டாம், எங்க ஆஸ்பத்திரிதான். நான் இருக்கேன்ல" என்று கையோடு கூட்டிவந்து சேர்த்தவள் இவள்தான்.

வீடு திரும்பிய இரண்டாம் வாரமே தங்கைக்கு வலி. ஆப்பரேஷன் செய்த சர்ஜன் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாயு என்றார். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது, மாத்திரையை மாற்றினார். ஐந்தாம் மாதம், "எல்லாம் மனசுதான்ம்மா. வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். தங்கை அக்காவிடம் வந்து அழுதாள்.

"எத்தனை வயித்தைப் பார்த்த டாக்டர், அவருக்குத் தெரியாதா? சும்மா சும்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காராதே" என்று எரிந்து விழுந்தாள் தையலக்கா.

ஏன் அப்படி எரிந்து விழுந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முந்தின நாள் துணியைத் திருப்பும்போது, நாடா இல்லாத மூலை விரலில் பட்டது. ஒரு நினைப்பு வந்தது. மிதியை வேகமாக மிதித்தாள், மிஷின் சத்தத்தில் அது அமுங்கிப் போனது.

எட்டாம் மாதம் தங்கையின் கணவர் யாரையும் கேட்காமல் அவளை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றைத் திறந்தார்கள், உள்ளே கிடந்த துணியை எடுத்தார்கள். அதைச் சுற்றி அழுகிப்போன குடலையும் வெட்டினார்கள். தங்கை பிழைத்தாள். வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை. மலம் இனி ஆயுசுக்கும் அதில்தான் இறங்கும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

புகார் போனது, விசாரணை வந்தது. அன்று காலை சூப்பிரண்டே தையல் அறைக்கு வந்தார். "மாதிரிக்கு ஒரு துணி வேணும். நாடா வெச்சுத் தைச்சுக் கொண்டு வா. ஆஸ்பத்திரி மானம்மா இது. உன் வேலையும் இதுலதான் இருக்கு." அவள் தைத்தாள். மூன்று தடவைதான் போட்டாள்.

சூப்பிரண்டு அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரியும் சர்ஜனும், எதிரே தங்கையும் அவள் கணவரும். துணி எண்ணிக்கை சரி என்று ஆப்பரேஷன் நடந்த அன்றைய தியேட்டர் புத்தகத்தில் கையெழுத்து இருந்தது. மேஜைமேல் பிளாஸ்டிக் கவரில் அந்தத் துணி, பக்கத்தில் தையலக்கா கொண்டுவந்த மாதிரித் துணி.

"எங்க துணியில நாடா இருக்கும் சார், நீங்களே பாருங்க. இதுல இல்ல. இது வேற எங்கேயிருந்தோ வந்த துணி" என்றார் சூப்பிரண்டு. சர்ஜன் தலையை ஆட்டினார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "நீங்கதானே தைக்கிறது? எப்பவும் நாடா வைப்பீங்களா?"

தையலக்கா கவரைப் பார்த்தாள். கறுத்துப்போன மூலையில் குறுக்கே ஒரு கைத்தையல். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

"இது என் தையல்தான் சார். இந்த மூலைத்தையலை வேற யாரும் போட மாட்டாங்க. நாடா வேண்டாம்னு சூப்பிரண்டு சார் சொன்னாரு, ரெண்டு வருஷமா நான் வைக்கல. மாதிரிக்குக் கொண்டு வந்தது இன்னைக்குக் காலையில தைச்சது. நாடா எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

அதிகாரி வேகமாக எழுத ஆரம்பித்தார். தங்கை மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வலிக்குதுன்னு அழுதேனேக்கா. அப்ப உனக்கு இது ஞாபகத்துக்கே வரலியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதைப் பொய் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

"வந்துச்சு" என்றாள் தையலக்கா.

தங்கை கணவரின் தோளைப் பிடித்து எழுந்தாள். ஒரு கையால் வயிற்றுப் பையைத் தாங்கிக்கொண்டு, அக்காவைத் தாண்டி, மெல்ல வெளியே போனாள்.