என் மகளின் வலிப்பும் நான் பூட்டிய கதவும்

சென்ற ஜூலையில் ஒரே வாரத்தில் ஐந்து முறை என் மகள் கிரேஸ் வலிப்பு வந்து விழுந்தாள். கடைசி முறை கொதிக்கும் கஞ்சி அவள் கையில் கொட்டியது. இரண்டு வருடமாக மாத்திரை. கூடவே உபவாச ஜெபம். எதற்கும் நிற்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, முதல் முறையாகக் கல்மண்டபம் பகுதியில் எங்கள் அரிசி மண்டி வாசலில் விழுந்தபோது, மீன் விற்கும் அம்மா ஒருவர் கத்தினார்: "இன்னா நைனா, மரம் மாதிரி நின்னுகினு கீற! பொண்ணு கைல இரும்ப குடு!"

இடுப்பில் செருகியிருந்த கிடங்குச் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். இன்னும் அதிகமாகத் துடித்தாள். பட்டம் படித்தவன் நான். மூடநம்பிக்கை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதையே செய்தேன்.

கஞ்சி கொட்டிய பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையில் ஒயர்களை ஒட்டி, கேமரா வைத்துக் கவனித்தார்கள். மூன்றாம் நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு நோய்க்கான அலை எதுவும் பதிவில் இல்லை.

"அப்போ நடிக்கிறாளா, டாக்டர்?"

"இல்ல ஐயா. இது அவங்க கையில இல்ல. தாங்க முடியாத பயம் சில பேருக்கு உடம்புல இப்படி வெளிய வரும். முன்னாடி ஏதாவது நடந்துச்சா?"

'ஆண்டவரே, இவளைக் குணமாக்கும்' என்று உள்ளுக்குள் ஜெபித்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் சொன்னேன். முதல் வலிப்பு வருவதற்குச் சற்று முன்புதான், வேறு சாதிப் பையனை விரும்பியதற்காக அவளைக் கிடங்கில் நான்கு நாள் வைத்துப் பூட்டினேன். இருட்டில் "அப்பா, அப்பா" என்று கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. அந்தச் சாவியைத்தான் அவள் கையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

என் வாயைத் திறந்ததுதான் ஆண்டவர் தந்த பதில். அன்றுதான் அந்தப் பயத்துக்கான சரியான சிகிச்சை தொடங்கியது. வலிப்பு மாத்திரையை டாக்டரே படிப்படியாக நிறுத்தினார். மகள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன்.

"எந்திரிங்கப்பா. இப்பவே பதில் கேக்காதீங்க" என்றாள்.

கேட்கவில்லை. இப்போது திருவொற்றியூரில் தனியாக இருந்து வேலைக்குப் போகிறாள். கூப்பிட்டால்தான் போகிறேன். ஆறு மாதமாக வலிப்பு இல்லை. ஸ்தோத்திரம். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை விழுந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜெபியுங்கள். ஆனால் 'குணமாக்கும்' என்று சொன்னதோடு எழுந்துவிடாதீர்கள். 'நான் என்ன செய்தேன்?' என்றும் கேட்டுவிட்டு, முழங்காலிலேயே காத்திருங்கள். ஆண்டவர் சொல்வார். அதைத் தாங்கும் பெலனையும் அவரே தருவார்.