எஃப் பன்னிரண்டை அமுக்கத் தெரியாத மாமா

எங்கள் வீட்டில் போலீஸ்காரர் அப்பாதான் என்றாலும் துப்பறிகிற வேலையெல்லாம் அம்மாவுடையது. பால்காரர் ஊற்றுகிற பாலில் தொடங்கி அப்பாவின் நைட் டூட்டி வரை அவளுக்குச் சந்தேகம் வராத விஷயமே கிடையாது. பத்து வயதிலேயே அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் யார் வண்டி நின்றது என்று என்னைக் கேட்டால் போதும்.

காலேஜில் படித்துக்கொண்டிருந்த அக்கா, பிளஸ் டூவில் இலவசமாகக் கிடைத்த லேப்டாப்புக்கு ஒருநாள் பாஸ்வேர்டு போட்டுவிட்டாள். குளியலறைக்கே சரியான தாழ்ப்பாள் இல்லாத வீடு. அம்மா விடுவாளா? "உள்ள ஆகாதது ஏதாவது இருந்துச்சுன்னா நாளையிலருந்து காலேஜு கிடையாது" என்று தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சாட்சியைத் தேடத் தொடங்கினாள்.

தேட ஆள் இருந்தது. மேலகரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பாஸ்வேர்டு மறந்துபோன கம்ப்யூட்டரையும் ஒரு பென் டிரைவைச் செருகித் திறந்துவிடுவேன் என்று எப்போதோ எங்கள் வீட்டில் பெருமையடித்திருந்தார். அந்த பென் டிரைவுக்குள்ளேயே முழு சிஸ்டமும் இருக்குமாம். அதை வைத்து எழுப்பினால் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடுமாம். நுணலும் தன் வாயால் கெடும்.

தோழி கல்யாணத்துக்கு அக்கா கீழப்பாவூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா மாமாவை வரவழைத்தாள். அவர் லேப்டாப்பைத் தொடாமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வயசுப்புள்ள பூட்டி வச்சிருக்கா. விட்ரு அக்கா."

"பூட்டுனா என்னலே? உன் டிரங்குப் பெட்டிப் பூட்டையே கொண்ட ஊசிய வச்சுத் தொறந்தவ நான். மறந்துட்டியாலே?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு பென் டிரைவை எடுத்தார்.

லேப்டாப்பைப் போட்டதும் முதலில் கம்பெனியின் படம் வரும். அது மறைவதற்குள் எஃப் பன்னிரண்டை அமுக்கினால்தான் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க முடியும். தன் கடையில் வைத்து எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் படம் மறைந்த பிறகே அவர் விரல் அந்தப் பக்கம் போனது. பாஸ்வேர்டு கேட்கிற திரைதான் வந்து வந்து நின்றது. பென் டிரைவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிச் செருகினார். ஊதினார். வேட்டியில் துடைத்தார்.

"எடுக்க மாட்டேங்குக்கா."

"முந்தியே அமுக்கணும் மாமா" என்றேன்.

"ஏட்டி, நீ போயித் தண்ணி கொண்டா."

நான் நகரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்தது. அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினாள். மாமா ஜன்னல்களைச் சாத்தப் போனார். நான் சும்மா இருப்பேனா? லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். படம் வந்ததும் வராததுமாக எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். பென் டிரைவின் பெயர் வந்தது. என்டரையும் நானே அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் நீலமாக ஒரு புதுத் திரை விரிந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டிப் படம்.

"வந்துட்டு மாமா!"

ஓடிவந்து பென் டிரைவைப் பிடுங்கினார். லேப்டாப்பையும் அணைத்தார்.

"என்னட்டி வந்துட்டு?" மாடிப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"மழ பெலமா வந்துட்டுக்கா" என்றார் மாமா.

அம்மா இறங்கி வந்ததும், இதற்கு மேல் நோண்டினால் லேப்டாப்பே போய்விடும் என்று கையை விரித்தார். அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. அக்காவின் ரகசியத்தையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் இவ்வளவு அவசரமாகப் பிடுங்கினார் என்று முடிவுகட்டினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் பையில் கைவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே நிற்கிறார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"நீயும் ஒங்கம்ம மாதிரி வந்துராதட்டி" என்றார். பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "வச்சுக்கோ. சந்தேகம்னா போட்டுப் பாரு."

அக்கா மறுநாள் வழக்கம்போலக் காலேஜுக்குப் போனாள். தம்பிக்குத் தொழிலில் ஒரு மண்ணும் தெரியவில்லை என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். அதன்பிறகு எங்கள் தெருக்காரர்கள் கம்ப்யூட்டர் பழுதானால் தென்காசிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமா யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, ஹாஸ்டலில் என் லேப்டாப் படுத்துக்கொண்ட ஒருநாள்தான் அந்த பென் டிரைவைப் போட்டேன். எஃப் பன்னிரண்டு, என்டர், அதே நீலம். அக்காவுடையது என்று அதில் ஒரு போட்டோகூட இல்லை. ஓரத்திலிருந்த பெட்டிப் படத்தைத் தட்டினேன். லேப்டாப்புக்குள் நான் பூட்டி வைத்திருந்ததெல்லாம் திறந்து கிடந்தது. ஒரே ஒரு தட்டுதான். மாமா அதைத் தட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிரங்குப் பெட்டிக் கதையை அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் சொல்வதில்லை. பத்து வயதில் நானும் கேட்டதில்லை. கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்ததுதான் எனக்குக் கதை. மாமா ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது வேறொரு கதை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.