இடது கைக்கு ஒரு கத்தி

டக்.

ஆயர் ஈத்தாம் சந்தையில், கீரைக்கட்டுகளுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவே, யாரோ ஒருவர் மடக்குக் கத்தியை விரித்தார். அவ்வளவுதான். பெட்டியைச் சுற்றியிருந்த ராஃபியா கயிற்றை அறுத்தார், கத்தியை மடக்கினார், பையில் போட்டுக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் வந்த அம்மாள் தள்ளுவண்டியால் என் குதிகாலில் இடித்து, "நடங்க லா, வழியில நின்னுகிட்டு," என்றார். நடந்தேன். கோழி வெட்டும் சத்தம், விலை கத்தும் சத்தம், பேருந்தின் ஹார்ன், தகரக் கூரையில் விழத் தொடங்கிய மழை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு டக். அண்ணன் வந்துவிட்டார் என்று சொல்லும் சத்தம்.

அண்ணன் இப்போது இல்லை. அவருடைய கத்தி என் கால்சட்டையின் இடது பையில் இருக்கிறது. நான் வலது கைக்காரன். இருந்தாலும் அதை இடது பையில்தான் வைத்துக்கொள்கிறேன். அது இடது கைக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கியது.

அண்ணன் சட்டைப் பையில் பேனா வைத்து நான் பார்த்ததில்லை. கால்சட்டைப் பையில் கத்தி இல்லாமலும் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழைய மரப்பிடிக் கத்தி அவரோடுதான் சுற்றியது. பிளாஸ்டிக் பொட்டலங்களைக் கிழிக்க, புதுச் சட்டையின் நூலை அறுக்க, காலில் ஏறிய முள்ளைக் கிளற. எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பிட்டு முடித்ததும் ஒரு மாங்காய். புளிக்கிற பச்சை மாங்காய்தான் வேண்டும். நின்றபடியே கீறல் கீறலாகச் சீவி, உப்பில் தொட்டு, கத்தியின் முனையிலிருந்தே வாய்க்குள். "தட்டில் வைத்து மனுஷனாட்டம் சாப்பிடுங்களேன்," என்று அண்ணி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்டதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் நின்று பூனைக்கு வழிவிட்டுப் போகிற ஆள். ஆனால் கத்தியைக் கேட்டால், மேசையோ படிக்கட்டோ மோட்டார் சைக்கிள் சீட்டோ, எங்காவது வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். கேட்டால், "உன்கூட இப்ப போடுற சண்டையே போதும்டா," என்பார். அது உண்மைதான். எந்தப் பாதையில் போனால் நெரிசல் இருக்காது, எந்தக் கடையில் மீன்குழம்பு தண்ணீர், எவன் கோல் அடித்திருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் கத்திக்கொண்டே கிழவர்களாகிக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தார். வலது கை அவரோடு கூடப் போகவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அண்ணன் மெலிந்திருந்தார், வாய் கொஞ்சம் கோணியிருந்தது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டோம். அவர் மீன்குழம்பு தண்ணீர் என்றால் தண்ணீர்தான். ஃபேனை நிறுத்து என்றால் வியர்வையோடு உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொன்னார், எங்கள் தீவுக்குப் பாலம் கட்டுவதற்கு முன் கடலை நீந்தியே கடந்திருக்கிறாராம். "ஓ, அப்படியாண்ணே," என்றேன். என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் என்கூட சண்டையே போடுறதில்ல," என்றார் சுவரிடம். "என்ன சொன்னாலும் சரி, சரின்னு. செத்தவன்கிட்டதான்டா அப்படிப் பேசுவானுங்க."

அடுத்த வாரம் போனபோது அவர் கீழுதட்டில் ரத்தம் உறைந்திருந்தது. பழைய கத்தியில் அலகின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஒரு கையால் பிடியைப் பற்றி, மறு கை நகத்தால் அந்தப் பள்ளத்தில் இழுத்தால்தான் திறக்கும். அண்ணன் அதைப் பல்லால் இழுத்திருக்கிறார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு," என்றார் என்னிடம், ஏதோ சோதித்துப் பார்த்தவர் மாதிரி. "உதடுதான் குறுக்க வந்திருச்சு."

அவருடைய ஒரே மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறவன், விடுப்பில் வந்திருந்தான். அவன் கத்தியை வாங்கிச் சமையலறை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. பயந்திருந்தான். "சித்தப்பா, அப்பாவுக்கு இனிமே கத்தி எதுக்கு? நான் வெட்டித் தரேன்ல?" என்றான். வெட்டியும் தந்தான், ஒரே அளவில், முள்கரண்டி குத்தி. அண்ணன் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மாங்காய்த் துண்டுகள் ஓரம் கறுத்துச் சுருங்கின.

மாதக் கடைசியில் மகன் அவரை ஜொகூருக்கு அழைத்துப் போவதாக முடிவாகியிருந்தது. ஃபிளாட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவர் போவதற்குள் ஒரு கையால், அதுவும் இடது கையால், அவரே திறந்து அவரே மூடக்கூடிய கத்தி ஒன்றைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும். அவர் மாங்காயை அவரே வெட்ட வேண்டும். இது மட்டும் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

ஜெலுத்தோங்கில் பட்டறைகளுக்குப் பக்கத்துக் கடைகளில் கேட்டேன். இருந்ததெல்லாம் அட்டை வெட்டுகிற பிளேடுகள். சூலியா தெருவில், பணம் மாற்றும் கடையை ஒட்டிய ஒரு குறுகலான கடையில்தான் கண்ணாடிப் பேழை நிறைய மடக்குக் கத்திகள் இருந்தன. பூட்டு, டார்ச் லைட், பெல்ட், கத்தி. கடைக்காரர் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, தேநீர் டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"ஒரு கையால திறக்கணும் பாய். இடது கையால."

"பட்டன் தட்டினா பாயுமே, அதா?" அவரே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டார். "அது நான் வைக்கிறதில்ல தம்பி. போலிஸ் வந்தா எனக்கும் கம்பி, உங்களுக்கும் கம்பி."

வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இடது கையால் முதல் கத்தியை எடுத்தேன். விரல் வைத்துத் தள்ளுவதற்கான குமிழ் ஒரு பக்கம்தான் இருந்தது. அது வலது கட்டைவிரலுக்கு. அடுத்ததில் அலகில் ஒரு துளை. கட்டைவிரல் அதில் அழகாக உட்கார்ந்தது, கத்தி திறந்தது. மூட முடியவில்லை. பூட்டைத் தளர்த்தும் தகடு உள்ளே இருந்தது. இடது கையால் அதைத் தள்ளினால், தள்ளுகிற விரல் மேலேயே அலகு வந்து இறங்கும். அண்ணனின் விரல் அங்கே இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன்.

கடைக்காரர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, அந்தக் கைய எங்க அடகு வச்சிட்டு வந்தீங்க?"

"எங்கண்ணனுக்கு வாங்குறேன் பாய். ஸ்ட்ரோக். வலது கை வராது."

டம்ளரைக் கீழே வைத்தார். "முதல்லயே சொல்ல வேணாமா," என்றவர், தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கத்தியை எடுத்தார். திறக்கப் போய் கண்ணாடியின் மேல் போட்டார். சத்தம் கேட்டுப் பணம் மாற்றுகிறவர் எட்டிப் பார்த்தார். தலை நரைத்த இரண்டு பேர் ஆளுக்கொரு கையோடு நிற்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ. நாங்கள் சிரித்துவிட்டோம்.

பிறகு அவர் பழைய வியாபாரியாகிவிட்டார். கத்தியோடு கரண்டியும் முள்கரண்டியும் திருப்புளியும் மடங்கியிருக்கும் ஒரு கனத்த பொருளை எடுத்துக் காட்டினார். "இத எடுத்துட்டுப் போங்க. சாப்பிடவும் ஆச்சு."

"அவரு மாங்காய்தான் வெட்டுவாரு பாய். ரயில் ஓட்டப் போறதில்ல."

நான் தேர்ந்தெடுத்தது ஆகச் சிறியவற்றில் ஒன்று. கறுப்புப் பிடி, ஈரக் கையிலும் வழுக்காத சொரசொரப்பு. அலகு ஆள்காட்டி விரல் நீளம், முனை கூரில்லாமல் மழுங்கி வளைந்தது. தவறிப்போனாலும் தொடையில் குத்தாது. அலகின் இரண்டு பக்கமும் குமிழ். பிடியின் குறுக்கே ஒரு சின்னக் கம்பி இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் பூட்டு விட்டுவிடும். அலகைத் தொடையில் வைத்து அழுத்தினால் விரல் எதுவும் குறுக்கே வராமல் மடங்கிக்கொள்ளும். பையில் மாட்டும் கவ்வியைக் கடைக்காரர் சின்னத் திருப்புளியால் கழற்றி இடது பக்கத்துக்கு மாற்றித் தந்தார். "அண்ணன் திட்டினா கொண்டாங்க, மாத்தித் தரேன்," என்றார். திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வலது கையைப் பைக்குள் விட்டபடி பழகினேன். கத்தி இரண்டு நாளில் வசப்பட்டது. மற்றது எதுவும் வசப்படவில்லை. சட்டைப் பொத்தான் வசப்படவில்லை. பற்பசை மூடி வசப்படவில்லை. தோசையைப் பிய்க்கப் பார்த்தேன், தட்டோடு நகர்ந்தது. அரை வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன், ஒரு தோசை முடிவதற்குள் வலது கையை வெளியே எடுத்துவிட்டேன். எடுக்க எனக்கு ஒரு கை இருந்தது.

புறப்படும் நாள் காலையில் கத்தியோடும் மாங்காய்களோடும் போனேன். ஃபிளாட் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக. மேசை போய்விட்டது. அண்ணன் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

பார்த்தார். எடுத்தார். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. உதவப் போன மகனை ஒரு பார்வையில் நிறுத்தினார். பிறகு, டக்.

அந்த வெற்று அறையில் அது பெரிய சத்தமாகக் கேட்டது.

கத்தியை ஓரமாக வைத்துவிட்டு மாங்காயை விளிம்பில் வைத்தார். உருண்டது. இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கல்லைப் போல, மாங்காயின் மேல் வைத்தார். பிரஷ் விழுந்த அந்தக் காலைக்குப் பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை அது. கத்தியை எடுத்துக் கோணலாக ஒரு துண்டு சீவினார்.

"உப்பு எங்கடா?"

"எல்லாத்தையும் பெட்டியில கட்டியாச்சுப்பா," என்றான் மகன்.

"கட்டினதப் பிரி."

பெட்டி முழுக்க டேப். அண்ணன் கத்தியை விளிம்பில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார். மகன் ஒரு கணம் தயங்கினான். பிறகு அதை எடுத்தான், டேப்பைக் கிழித்தான், உப்பு டப்பாவை வெளியே எடுத்தான், கத்தியைத் திரும்ப விளிம்பிலேயே வைத்தான். அண்ணன் மாங்காயைத் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. "புளிப்பு," என்றார்.

தீபாவளிக்கு ஜொகூர் வருவதாக நான் சொல்லியிருந்தேன். டிக்கெட்டும் எடுத்திருந்தேன். அதற்கு முந்தைய மாதமே, தூக்கத்தில், இன்னொரு முறை வந்த பக்கவாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது. காரியங்கள் முடிந்த பிறகு மகன் அந்தக் கத்தியை என் முன்னால் மேசையில் வைத்தான். அலகின் அடியில் காய்ந்த மாங்காய்ச் சாறு கறுப்பாக ஒட்டியிருந்தது. இன்னும் நான் அதைக் கழுவவில்லை.

அவர் புறப்பட்ட அந்தக் காலையில் இதெல்லாம் தெரியாது. லிஃப்ட்டில் இறங்கும்போது அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ளக் கை வேண்டும் என்று கத்தியை என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னான் மகன். கீழே காரின் முன் இருக்கையில் அவரை உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினான். ஜன்னல் திறந்திருந்தது. நான் கத்தியை நீட்டப் போய், கையை இழுத்துக்கொண்டேன். வைக்க இடம் தேடினேன். காரின் முன்மூடியில் வைத்தால் அவருக்கு எட்டாது. உள்ளே கையை விட்டு முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். சரிந்து அவர் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி சரிந்தது.

"என்னடா சர்க்கஸ் காட்டுற?"

"வைக்க இடம் இல்லண்ணே."

மகன் காரை உயிர்ப்பித்தான். அண்ணன் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கை மேல் நோக்கி விரிந்திருந்தது. மாங்காய் வாசனை.

"அண்ணே, கையிலயா..."

"கையிலயே குடுடா. சண்ட வந்தா வரட்டும். சண்ட போடவாச்சும் ஜொகூருக்கு வருவல்ல."